பட்டினியில் வந்த தங்கமீன்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த கப்பலில் அவரைச் சந்தித்தேன். காயல்பட்டினத்து வியாபாரி. வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத சட்டை, மடியில் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் இரட்டை வால் தங்கமீன். அது வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் கை சட்டைப்பைக்குப் போகும், வெறுங்கையாகத் திரும்பும்.

தொழப் போகையில் ஜாடியை என்னிடம் கொடுத்தார். சற்று நேரத்தில் மீன் மல்லாந்துவிட்டது. மாதா, முருகன், நாகூர் ஆண்டவர் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். கடலில் குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீச்சல் தெரியாதது ஞாபகம் வந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "பயப்படாதிய தம்பி, உசிரு இருக்கு. வயிறு ஊதுனா இப்படித்தான் கவுந்துக்கும்."

"அப்படி என்ன தின்னுச்சு மொதலாளி?"

"எம் மவன் கடையில வளத்த மீனு. அவன் மௌத்தான பொறவு துக்கம் கேக்க வந்தவுக, என்ன பேசன்னு தெரியாம, ஆளுக்கொரு துண்டு ரொட்டியப் பிச்சு இதுக்குப் போட்டாக. நானும் தடுக்கல. ஊரு போய்ச் சேருற வரைக்கும் பட்டினி போடு, பொறவு அவிச்ச பட்டாணியத் தோலுரிச்சுக் குடு, பொழைச்சுக்கும்னான் மீன் வித்த சீனாக்காரன். மவனப் பெத்த உம்மாட்ட கொண்டு போறேன்."

மீன் மெல்லப் புரண்டு நிமிர்ந்து, கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்ததும் 'தின்னுச்சா'ன்னுதான் கேப்பா. மவன் மீனப் பட்டினி போட்டேன்னு எப்படித் தம்பி சொல்ல?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்று ஜாடியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கரைக்குப் போகும் படகில் அவர் இறங்கியதும் ஜாடியை மெல்ல இறக்கிக் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் அவர் என்ன சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.