உமி விற்காத ஆலைக்காரர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், ஓர் ஐப்பசி மாதம். மதுரையை அடுத்த விளாங்குடியில், ஓர் அரிசி ஆலைக்குப் பின்புறத் தெருவுக்கு நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்தோம். என் மகளுக்குப் பல் முளைக்கும் பருவம். கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் வைப்பாள். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர்களில் வாந்திபேதி பரவியது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். பள்ளிக்கூடம் படித்தவள் நான். அது ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? விறகு கிடைக்கவில்லை. கிடைத்ததும் மழையில் நனைந்து புகைந்தது. சோறு வடிக்கவே போதாத விறகில் குடத்துத் தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது?

இது ஆலை முதலாளியின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். நெல் அவிக்கும் கொப்பரைகளில் ஒன்றை நன்றாகத் துலக்கி, தினமும் அதில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். யார், எந்தத் தெரு என்ற கேள்வியே இல்லை. வந்த வரிசைப்படி தண்ணீர். ஆலையில் நெல் அவிக்கும் அக்கா ஒருவர்தான், சூடு தணிந்ததும் மொண்டு ஊற்றுவார். தண்ணீரில் லேசாக நெல் வாடை அடிக்கும். எனக்கு அதிலும் சந்தேகம்.

"நல்லா கொதிச்சதாக்கா?" என்று கேட்காமல் குடத்தை நீட்ட மாட்டேன்.

"சந்தேகமா இருந்தா நாளைக்கு வெள்ளன வந்து, கொதிக்கயில உள்ள எறங்கிப் பாரு தாயி" என்பார். வரிசையே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, மறுநாளும் அதையே கேட்பேன்.

பிறகு நெல் வரத்து நின்று, ஆலை ஓய்ந்தது. ஓடாத ஆலையில் அடுப்பு மட்டும் எரியுமா? போய் நிற்க வெட்கம், போகாமல் இருக்கப் பயம். குழந்தையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் குடத்தோடு போனேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குடங்களோடு வரிசையும் நின்றது. ஆனால் வாசலில் ஒரு மாட்டுவண்டி. காளவாசல் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் உமி வாங்க வந்திருந்தார். எங்கள் தண்ணீர் கொதித்ததே அந்த உமியில்தான். வண்டியில் அது ஏறிவிட்டால் நாளைக்குத் தண்ணீர் கிடையாது. ஆலை ஓடாத நாளில் முதலாளிக்கு வேறு வரும்படியும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் விற்றுத்தான் இருப்பேனோ என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

"உமி இல்லப்பா" என்றார் முதலாளி.

"என்னண்ணே, அந்தா மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு!"

"அது ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு."

"எனக்கு மேல வெல குடுக்குற ஆளு யாருண்ணே அது?"

முதலாளி முகவாயால் எங்கள் பக்கம் காட்டினார். "அந்தா, கொடத்தோட நிக்குறாகல்ல, அவுகதேன். பேதி ஓயட்டும், மிச்சம் கெடந்தா நீயே அள்ளிக்க."

சூளைக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். ஏதாவது வாதாடுவார் என்று நினைத்தேன். "நானும் பிள்ள குட்டிக்காரன்தேண்ணே. வாரேன்" என்று வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் தெருவுக்குள் வாந்திபேதி வரவில்லை. அந்தத் தண்ணீரால்தானா என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் என் குழந்தையைப் பற்றி நான் ஒருத்தி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது அன்று புரிந்தது. இப்போது அவள் தெருக்கோடி வரை ஓடி விளையாடுகிறாள். அந்தத் தைரியத்தில்தான் அவளை என் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கும் போக விடுகிறேன்.