வாரண்ட் இல்லாமல் நுழைந்த வீடுகள்

போலீஸ் வேலையில் பாதி நேரம் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பதுதான். கேஸ் சிலிண்டர் கொண்டு போகிறவர்கள், கணக்கெடுக்கப் போகிறவர்கள், தபால் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். நாய் குரைக்கும், உள்ளே ஆள் இருக்கும், பதில் வராது. கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் பதினாறு வருஷமாகக் காக்கி போட்டிருக்கும் எனக்கு ஒரு தொல்லை கூடுதல். வாரண்ட் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. உள்ளே ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே நிற்கவும் கூடாது.

போன் அடித்த வீடு

அமரவிளையில் தனியாக இருந்தவர் லில்லிபாய், ஓய்வு பெற்ற நர்ஸ். தினமும் காலை எட்டு மணிக்குப் பெங்களூரில் இருக்கும் மகளோடு பேசுவார். ஒரு நாள் பதினொரு மணியாகியும் அம்மா போனை எடுக்கவில்லை என்று மகள் ஸ்டேஷனுக்கு அழுதுகொண்டே கூப்பிட்டாள். நானும் கூட வேலை பார்க்கும் சுனிலும் போனோம். கதவு உள்ளே பூட்டியிருந்தது. பால் பாக்கெட் கேட்டிலேயே தொங்கியது. சன்னலில் காதை வைத்தால் போன் அடிக்கிற சத்தம், அதற்கு அடியில் மெல்ல ஒரு முனகல். பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு நிறுத்தினேன். சுனில் வீடியோ எடுக்க, அடுக்களைக் கதவைக் கடப்பாரையால் நெம்பினேன்.

குளியலறை வாசலில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. இன்று வாக்கர் பிடித்து நடக்கிறார், மாற்றுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஆனால் அன்று நான் ஓடிப்போய்த் தலையைத் தாங்கியபோது அவர் பார்த்தது என் முகத்தை அல்ல, காலை.

"ஷூவைக் கழத்திட்டு வா மக்கா, காலையிலதான் தரை தொடச்சேன்."

உள்ளே தொங்கிய ஷீட்

சில அவசரம் புகார் கொடுப்பவருக்கு மட்டும்தான் அவசரம். ரப்பர் தோட்டக்காரர் மணியன், முற்றத்தில் காயப்போட்டிருந்த ரப்பர் பால் ஷீட் ஒன்றைக்கூடக் காணவில்லை என்று வந்தார். பக்கத்து வீட்டு சன்னல் வழியாகப் பார்த்தால் அதெல்லாம் உள்ளே கொடியில் தொங்குகிறது. வீடோ பூட்டிக் கிடக்கிறது. "களவு போன சாமான் கண்ணு முன்னால தொங்குது, பூட்டை ஒடைங்க மேடம்" என்று மணியன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. உள்ளே யாரும் சாகப்போவதில்லை. ஷீட்டும் எழுந்து ஓடப்போவதில்லை. உடைக்க மாட்டேன், வீட்டுக்காரர் வரட்டும் என்றேன். மணியன் என்னைப் பற்றி மலையாளத்தில் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார் வீட்டுக்காரர் தாசையன். மனைவியை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாராம். விஷயத்தைக் கேட்டார், கதவைத் திறந்தார், ஷீட்டை ஒவ்வொன்றாக உருவி மணியன் தோளில் போட்டார்.

"மழை வருதுண்ணு நான்தான் எடுத்து உள்ள போட்டேன் மணியா, நன்றி சொல்லவா போலீசைக் கூட்டிட்டு வந்த?"

ஏரோதின் சிப்பாய்கள்

நான் அவமானப்பட்ட கதையும் உண்டு. ஒரு டிசம்பர் மத்தியானம் போன் வந்தது: ஒரு வீட்டுக்குள் பிள்ளையைக் கொல்லுகிறார்கள், பெண்கள் அலறுகிறார்கள். போய் நின்றால் தெருவரைக்கும் அலறல் கேட்கிறது. தட்டியதற்குப் பதில் இல்லை. தோளால் கதவை இடித்துத் திறந்தேன். உள்ளே ஐந்தாறு பெண்கள் தலைவிரி கோலமாக அழுகிறார்கள். ஓர் ஆள் அட்டை வாளை ஓங்கியபடி நிற்கிறார். தரையில் துணி சுற்றிய பொம்மை. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை; ஏரோது ராஜாவின் சிப்பாய்கள் குழந்தைகளைக் கொல்லும் காட்சி. மன்னிப்புக் கேட்டுத் திரும்பும்போது, நாடகம் பழக்கிய ஞானசிகாமணி என்னையும் சுனிலையும் மேலும் கீழும் அளந்தார்.

"வந்தது வந்திய, ரெண்டு சிப்பாய் கொறயுது, அப்படியே நில்லுங்க."

இருமல்

அந்த வெட்கம் ஆறுவதற்குள் ஒற்றசேகரமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. ஒருவன் மனைவியை அடிக்கிறான், பக்கத்து வீட்டில் கேட்கிறது என்றார்கள். நாங்கள் போகும்போது வீடு அமைதியாக இருந்தது. கணவன் வாசலில் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வழியை மறித்து நின்றான். "அவ உறங்குதா. இது வீட்டுக் காரியமாக்கும். வாரண்ட் உண்டா?" என்றான். இல்லை. இன்னொரு முறை அட்டை வாளைப் பிடிக்கப் போகிறோமோ என்று எனக்கும் கால் தயங்கியது. அப்போது உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. பின்னாலேயே ஓர் இருமல். மூச்சு கிடைக்காதவர்கள் இருமுகிற இருமல். அவன் கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுக்களைத் தரையில் பிந்து கிடந்தாள். கழுத்தில் துப்பட்டா இறுகிக் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை, அங்கே கிடந்த அரிவாளால் அறுத்தேன். ஆம்புலன்ஸில் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். எப்படி உள்ளே போனீர்கள் என்று பிறகு கோர்ட்டில் அவனுடைய வக்கீல் கேட்டார். சுனில் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். அந்த இருமல் எல்லாருக்கும் கேட்டது. வக்கீல் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது பிந்து நெய்யாற்றின்கரையில் ஒரு பேக்கரியில் வேலைக்கு நிற்கிறாள். மகள் மூன்றாம் வகுப்பு. போன மாசம் பன் வாங்கப் போனபோது, அன்று வாசலில் தயங்கிவிட்டேன், ஒரு வார்த்தை உன்னைக் கூப்பிட்டாவது பார்த்திருக்கலாம் என்றேன். அவள் பன்னைப் பொதிந்து கையில் தந்தாள்.

"வெளிய நிண்ணு எங்கிட்ட கேட்டிருந்தா, ஒண்ணுமில்ல, போங்கண்ணுதான் சொல்லியிருப்பேன் மேடம்."

உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஒவ்வொரு தடவையும் கிடைத்தது அரை நிமிஷம்தான். ஏன் போனாய், ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு மட்டும் யோசிக்க முழுசாக ஒரு நாள் கிடைத்துவிடுகிறது.