இருபதாவது புள்ளி

கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த காலமெல்லாம் பெண்களுக்கு என்மீது ஒரு மனக்குறை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதுகூடப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த விடமாட்டேன். கத்துவேன். ஒருத்தி அழுதேவிட்டாள். காரணம் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்துவைத்திருந்த காலத்தில், அங்கே ஜார்ஜ் டவுனில் எங்கள் பள்ளித் திடலில் விளையாடுவோம். அணியில் பந்தை நடத்திக்கொண்டு போகிறவள் நான். வலப்பக்கம் எப்போதும் என் சீனத் தோழி. நான் கொடுப்பேன், அவள் கூடையில் போடுவாள். பள்ளி மணியை ஜப்பான்காரன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். ஆட்ட நேரம் முடிந்ததென்று அடிக்க மணி இல்லாததால் எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம்: முதலில் இருபது புள்ளி எடுக்கும் அணி ஜெயித்தது, அதோடு ஆட்டம் முடிந்தது.

அன்று நாங்கள் பதினெட்டில், இன்னும் ஒரே ஒரு கூடை பாக்கி என்று இருந்தபோது ராணுவ லோரி வந்து நின்றது. தோழியின் அண்ணன் ஜப்பானோடு போரிட்ட சீனாவுக்கு நிதி திரட்டியவர், தலைமறைவாகிவிட்டார். அவர் கிடைக்காததால் இவளைப் பிடிக்க வந்திருந்தார்கள். எல்லோரும் குனிந்து வணங்கினோம். அதிகாரி பெயரைச் சொல்லிக் கேட்டதும் எங்கள் ஆசிரியை அவளைக் காட்டினார். அதிகாரிக்கு இந்த ஆட்டம் பிடிக்கும் போலிருக்கிறது. ஆடி முடிக்கும்படி கைகாட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்தார்.

நான் கூடைப் பக்கமே போகவில்லை. பந்தைத் தட்டித் தட்டித் திடலைச் சுற்றினேன். ஆட்டம் முடியாதவரை அவள் எங்களோடு இருப்பாள். பயத்தில் என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். எதிரணிக்காரிகளும் புரிந்துகொண்டு, பறிப்பதுபோல் கையை நீட்டிவிட்டு ஒதுங்கினார்கள். எங்கள் அணியின் சின்னவளுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

“அக்கா, போடுங்கக்கா. கால் வலிக்குதுலா.”

“வாய மூடு,” என்றேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தான். ஆனாலும் நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

தோழி எனக்கும் அவனுக்கும் நடுவில் ஓடி வந்தாள். “சுக்குப்லா. கசி போலா,” என்றாள் மலாயில், தணிந்த குரலில். போதும், பந்தைக் கொடு என்கிறாள். மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கொடுத்தேன்.

அவசரப்படாமல் குறிபார்த்துப் போட்டாள். பந்து வளையத்தில் படாமல் உள்ளே இறங்கியது. அதிகாரி சந்தோஷமாகக் கைதட்டினார். தட்டி முடித்ததும் அவளை லோரியில் ஏறச் சொன்னார்.