மாரி வந்தால் பச்சை விழும்

பேர்சி அண்ணன் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஒரு பஸ் கொண்டக்டர். களுதாவளையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தி, நான்காக மடித்த துண்டு ஒன்றைத் தந்தார். "நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. நாளைக்கு அடக்கம்" என்று அதில் எழுதியிருந்தது. அது எழுதி இரண்டு நாளாகிவிட்டது. இடையில் பாதை மூடிக் கிடந்தது. துண்டு என் கைக்கு வந்தபோது மட்டக்களப்பில் அவரை அடக்கியும் விட்டார்கள். இங்கே அவரைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. யாரிடம் சொல்லி அழுவது? மூன்றாம் பாடத்துக்கு மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். நம் மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்து இரசாயன ஆய்வுகூட உதவியாளர். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், வாவிக்கரை ஒழுங்கையில் வீடு. மனைவி முந்தியே காலமாகிவிட்டார், பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். எதிர்வீட்டில் இருந்தவள் நான், தமிழ் படிப்பித்தவள். சண்டைக்கு முந்திய காலத்தில் ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் அவர் வீட்டு வளவில் வாணமும் மத்தாப்பும் அவர் கையாலேயே செய்து கொளுத்துவார். ஒரு சதத்துக்கு விற்றதில்லை. அது அவருக்குப் பைத்தியம், அவ்வளவுதான்.

அந்தப் பைத்தியத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார். என் தம்பியின் பட்டறையிலிருந்து இரும்புத் தூள் வரும். வாவிக் காற்றில் அது இரண்டு நாளில் துருவேறிவிடும். துருப்பிடித்த இரும்பு பூப்பூவாய்ச் சொரியாது, வெறுமனே சிவந்து அணையும். ஆகவே வந்த அன்றைக்கே எண்ணெய் பூசி வைப்பார். கரியும் எல்லா மரத்துக் கரியும் சரிவராது, கையில் எடுத்தால் பாரமே தெரியக்கூடாது என்பார். "சாமான்ல ஒரு துளி அழுக்கு இரிந்தாலும் மறைக்கேலாது டீச்சர். நெருப்பு காட்டிக் குடுத்திடும்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை.

அவர் ஆசைப்பட்டது பச்சை மத்தாப்பு. அதற்கான பேரியம் என்ற உலோக உப்பைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தார், போத்திலில் உயர்ந்த தரம் என்று போட்டிருந்தது. கொளுத்தினால் மஞ்சள். மறுபடி கொளுத்தினால் மறுபடியும் மஞ்சள். எங்கோ கறியுப்பு கலந்திருக்கிறது, அதில் ஒரு கிள்ளு பட்டாலும் மற்ற நிறமெல்லாம் மஞ்சளுக்குள் அமுங்கிவிடும் என்றார். வியர்வையில் உப்பு இருக்கிறது என்று கைக்குத் துணி சுற்றினார். காற்றில் இருக்கிறது என்று சன்னலைச் சாத்தினார். கை எப்போதும் தூளாக இருப்பதால் கொப்பியில் குறிப்பு எழுதுவது என் வேலை.

ஒருநாள் தாகத்துக்கு அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். "என்ன அண்ணன், தண்ணி உப்புக் கரிக்குது?"

கையில் இருந்ததை அப்படியே கீழே வைத்தார். கோடையில் வாவிக்கரைக் கிணறுகள் உவர்த்துப் போவது ஊருக்கே தெரியும். மத்தாப்புக்குப் பசை குழைத்தது அந்தத் தண்ணீரில்தான். "எல்லாத்தையும் கழுவினன், தண்ணியக் கழுவ மறந்திட்டன்" என்று சிரித்தார். "இனி மழைத்தண்ணிதான். மாரி வரட்டும்."

எங்கள் வீட்டில் அம்மா பாய் இழைக்கும் பன்புல்லுக்குச் சாயம் போடும்போது, நிறம் பிடித்ததா என்று கேட்பதற்கு "சிவப்பு விழுந்திற்றா?" என்பார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். ஆகவே கொப்பியில் எழுதினேன்: "பச்சை இன்னும் விழவில்லை. மாரி வந்தால் பச்சை விழும்."

வாசித்துப் பார்த்தார். "நீங்க எழுதினா எல்லாம் பாட்டு மாதிரி இரிக்கி. தண்ணியில உப்பு எண்டு எழுதினாப் போதாதா?"

நான் மாற்றவில்லை. தமிழ் டீச்சர் என்ற கொழுப்பு.

மாரிக்கு முன் சண்டை வந்துவிட்டது. கந்தகம் என்று வாயால் சொல்லவே பயந்த காலம். அவர் வீட்டில் இருந்த எல்லாச் சாமானையும் பள்ளிக்கூட அதிபர் மூலமாகப் பொலிசில் ஒப்படைத்தார். கொப்பி மட்டும் அலுமாரியில் கிடந்தது. கடதாசிதானே என்று நினைத்திருப்பார்.

ஒரு காலையில் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களை ரோட்டில் இருத்தினார்கள், பெண்கள் வேலியோரம் நின்றோம். அவர் வீட்டிலிருந்து கொப்பி வெளியே வந்தது. மொழிபெயர்க்க வந்தவன் அந்த வரியை உரத்து வாசித்தான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பச்சை என்றால் பச்சைச் சீருடை போட்டவர்கள், விழுவது என்றால் சாவது. எனக்கு அப்போதுதான் அது காதில் வேறு மாதிரி விழுந்தது.

"ஆரு எழுதின?"

"நான்தான் எழுதினன் ஐயா" என்றார் ரோட்டில் இருந்த பேர்சி அண்ணன்.

"பச்சை எண்டா ஆரு?"

"ஆளில்ல ஐயா. நெருப்பு. நெருப்பிட நிறம்."

"நெருப்பு விழுமா?"

விழும் என்றது அவருடைய சொல்லே அல்லவே. சொல்லுக்குரியவள் இருபது அடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பயம், வேறொன்றுமில்லை. அவர் என் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகமே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். அது அவருக்குத் தெரியும்.

அவரைக் கொண்டுபோய் நாலு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது மாரி பாதி முடிந்திருந்தது. அவர் வேலைக்கு வந்த முதல் நாளே ஆய்வுகூடத்துக்கு ஓடினேன், எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடுவதென்று. "அண்ணன், அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

"கதவச் சாத்துங்க டீச்சர், காத்து வருது."

சாத்தினேன். பள்ளிக்கூடப் போத்தில் ஒன்றின் அடியில் ஒட்டிக் கிடந்த பேரிய உப்பைக் கிண்டி எடுத்து, மழைத்தண்ணீரில் நனைத்து, கம்பி நுனியில் தொட்டுச் சுடரில் பிடித்தார். சுடர் பச்சையாகியது. இளநெல்லின் பச்சை. பத்து விநாடி இருந்திருக்கும்.

"பாருங்க, பச்சை விழுந்திற்று" என்றார்.

என் சொல்லை அன்றைக்கு முதல்முறையாகத் தன் வாயால் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க என்னை விடவில்லை. எடுத்தபோதெல்லாம் கதவையோ சன்னலையோ சாத்தச் சொன்னார். அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது. புறப்படும்போது ஒரு போத்தில் தந்தார். "அங்கயும் கடற்கரைக் கிணறுதானே, உப்பாத்தான் இரிக்கும்." ஒட்டியிருந்த துண்டில் அவருடைய கோணல் எழுத்து: மழைத்தண்ணி. கை போடாதீங்க.

அது இப்போது என் மேசையில் இருக்கிறது. திறக்கவில்லை. திறந்தால் காட்டுவதற்கு ஆளில்லை.

நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள், காலம் சரியில்லை, கொப்பிக் கதையை விட்டுவிடுங்கள் என்றார்கள். விடமுடியாது. அந்த வரி அவர் எழுதியதென்று இன்றைக்கும் எங்கோ ஒரு விசாரணைக் கடதாசிக் கோவையில் இருக்கிறது. அவரைத் தெரிந்த நீங்களும் அப்படித்தான் நம்பியிருக்கிறீர்கள், பாவம், ஏன் இந்த மனிசன் அப்படி எழுதினார் என்று பேசியும் இருக்கிறீர்கள். அண்ணன், இந்த ஒருமுறை நீங்கள் சொன்னபடி நேராகவே எழுதுகிறேன். தண்ணீரில் உப்பு இருந்தது. எழுதியவள் நான்.