ஒரு விபிஎன், இரண்டு விண்டோஸ்

வீடு தேடிப் போய் கம்ப்யூட்டர் பார்க்கிற தொழிலில், சரிசெய்ய முடியாமல் திரும்பினால் பேச்சு வாங்குவோம். சரிசெய்துவிட்டு வந்து வருத்தப்பட்டதும் உண்டு. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பெட்டிக்குள் பெட்டி

கணபதி ஏரியாவில் கவிதா என்றொரு வாடிக்கையாளர். பம்ப் கம்பெனிக்கு டிராயிங் போடுபவர். லேத் பட்டறையில் முதுகெலும்பு அடிபட்ட கணவர் படுக்கையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்காகவே கம்பெனி வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்து, புது லேப்டாப்பும் கொடுத்திருந்தது.

டிராயிங் சாப்ட்வேரோ பழையது, புது விண்டோஸில் ஓடாது. அதனால் பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக, போட்டுக் கொடுத்தேன். சாப்ட்வேர் ஓடியது. கம்பெனி சர்வர்தான் திறக்கவில்லை. அங்கே போகும் விபிஎன், அதாவது கம்பெனிக்கென்று பூட்டிய தனி வழி, வெளி விண்டோஸில் மட்டும் வேலை செய்தது. உள்ளே இருந்த விண்டோஸ் சாதாரண நெட்டோடு நின்றுவிட்டது. கணவர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: "ஏனுங்க, ஒரே மிஷினுதானுங்க, அதுக்குள்ளயே வழி உட மாட்டேங்குதுங்களா?"

யார் பொறுப்பு

தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னேன். கவிதா நான்கு நாள் போன் போட்டார். விபிஎன் ஒரு பிரிவின் பொறுப்பு, சாப்ட்வேர் வேறொரு பிரிவின் பொறுப்பு, இரண்டையும் சேர்ப்பது யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் டிராயிங் தேங்கிவிட்டது. மேலாளர் குரலை உயர்த்தவில்லை: "வெள்ளிக்கிழமைக்குள்ள வரலீன்னா, திங்கக்கிழமையிலிருந்து நீங்களே ஆபீசுக்கு வந்துருங்க அம்மணி."

வழி திறந்தது

வியாழன் மதியம் போய் உட்கார்ந்தேன். உள் மெஷின் தனியாக வைஃபையைப் பிடிக்காமல் வெளி விண்டோஸ் வழியாகவே போகும்படி மாற்றினேன். சர்வரின் பெயரைத் தேடும் முகவரியையும் கையால் எழுதினேன். திறந்துகொண்டது. கம்பெனி இணைப்பை இப்படிப் பகிரலாமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெள்ளி மாலைக்குள் கவிதா எல்லா டிராயிங்கையும் அனுப்பிவிட்டார். கணவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: "இனி அவ எங்கீம் போக வேண்டாமில்லீங்க?"

நல்ல பேர்

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரி, பழைய புகார் என்னவாயிற்று என்று கவிதாவிடம் விசாரித்தார். சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் உதவி செய்தவன் பெயரை மறைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையாகாது. என் பெயர், கடை, நான் செய்த வேலை, அதை எத்தனை பொறுமையாகச் செய்தேன் என்பது வரை சொல்லி, தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று நம்பரும் கொடுத்திருக்கிறார். பதிவு செய்யாத மெஷினுக்குக் கம்பெனி இணைப்பை வெளியாள் திறந்துவிட்டது விதிமீறல். அன்றைக்கே விபிஎன் போனது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதியும் போனது.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்குமுன் உள் மெஷினை அழிக்கச் சொன்னார்கள் என்று கவிதா என்னைக் கூப்பிட்டார். போனபோது கட்டில் காலியாக இருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கணவரைத் தாராபுரத்தில் உள்ள அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். என்னால் வந்தது என்றேன். கவிதா தலையாட்டி மறுத்தார்: "நீங்க என்னங்ணா பண்ணுவீங்க. கேட்டாங்க, உங்களப் பத்தி நல்லபடியாத்தானுங்க சொன்னேன்."

என் தொழிலில் இவ்வளவு மனதார என்னைச் சிபாரிசு செய்தவர் வேறு யாருமில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து மட்டும் இதுவரை எனக்கு அழைப்பு வரவில்லை.