பவுண்டு எண்பத்தொன்றுக்கு இறங்கிய வருஷம்

சாரதாமணிக்கு வருஷக் கணக்கு ஒட்டாது. மகள் மைதிலி எப்போது பிறந்தாள் என்று கேட்டால், "பவுண்டு எண்பத்து மூணு ரூபா இருந்தப்பங்க" என்பார். வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டது எழுபத்திரண்டில். வீட்டு மனைக் கிரையம் முடிந்தது நூற்றொன்றில். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே, அவருக்கென்ன வந்தது?

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக வேலை. தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டப் போனவர்தான். மனக்கணக்கில் புலி என்று தெரிந்ததும் ஆபீசுக்கு ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கு லண்டனுக்குப் போகிற ஒவ்வொரு உருப்படிக்கும் விலை போடுகிறவர் அவரே. காலையில் காப்பி குடிக்க மறந்தாலும் மறப்பார், பவுண்டுக்கு எத்தனை ரூபாய் என்று பார்க்க மறக்கமாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் பவுண்டுக் கணக்குச் சொல்லித்தர ஒருவர் வந்தார் பாருங்கள்! பெயர் செல்வக்குமார். லண்டன் கடைக்காரர்களுக்காக இங்கே சரக்குப் பேசுகிற பெங்களூர் ஆபீசின் மேலாளர். விலையை முடிக்கிற அதிகாரம் அவர் கையில். குழந்தைகளின் இரவு உடைக்குப் பத்து வருஷமாக மூன்று பவுண்டு பத்து பென்ஸ். அதில் முப்பது பென்ஸ் குறைக்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு என்று வருவதற்கு முதல் நாளே போனில் சொல்லியிருந்தார்.

முதலாளி அர்த்தநாரி அப்போதே சாரதாமணியைக் கூப்பிட்டார்.

"குடுத்தரலாமா சாரதா? ஆர்டரே கைநழுவிப் போச்சுன்னா?"

"குடுத்தா நாலாவது தையல் லைனை நிறுத்தோணுங்ணா. நூல் ஏறிப்போச்சு, கூலி ஏறிப்போச்சு. பவுண்டு ஏறுனதுனாலதான் மூச்சு ஓடிட்டிருக்குது. முப்பத்திரண்டு பொம்பளைங்க, எங்கீங்ணா போவாங்க?"

"அப்ப நீயே பேசு."

பேசச் சொல்ல வேண்டுமா அவரை?

மறுநாள் கம்பெனிக்கு வந்த செல்வக்குமார் போனை நீட்டிப் பவுண்டு விலைப் படம் காட்டினார். ஒரு கோடு மலையேறுவதுபோல ஏறிக்கொண்டு போனது.

"பாருங்க மேடம். போன வருஷம் ஆரம்பத்துல நூத்தியெட்டு. இப்ப நூத்தி இருபது. ஒரு பீசுக்கு முப்பத்தேழு ரூபா உங்களுக்கு சும்மா வருது. அதை நாம பங்கு போட்டுக்கலாம். உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சாரதாமணிக்குச் சுருக்கென்று வந்தது. ஆனாலும் குரலில் சர்க்கரை குறையவில்லை.

"முப்பத்தேழு ரூபாயை நூத்தி இருபதுல வகுத்தாலே முப்பத்தோரு பென்சுங்க தம்பி. பங்குன்னு சொல்லிப்போட்டு முழுசையும் அள்ளிட்டுப் போறீங்களே!"

அர்த்தநாரி இருமலில் சிரிப்பை மறைத்தார். செல்வக்குமாரின் முகம் சிவந்துவிட்டது.

"சரி, அது போகட்டுங்க. அந்தப் படத்துல ஒரு வருஷம்னு இருக்கறதைப் பத்து வருஷம்னு மாத்துங்க."

மாற்றினார். மலை போய்ப் பள்ளம் வந்தது. சாரதாமணியின் விரல் நேராகப் பள்ளத்தில் போய் நின்றது. இங்கிலாந்துக்காரர்கள் ஐரோப்பாவை விட்டு விலகுகிறோம் என்று ஓட்டுப் போட்ட வருஷம் அது. ஒரே காலையில் ஏழெட்டு ரூபாய் இறங்கி, ஐப்பசிக்குள் எண்பத்தொன்று. நூறு என்று நம்பி விலை போட்டிருந்தார் சாரதாமணி. சரக்கோ கப்பலில் போய்க்கொண்டிருந்தது. பீசுக்கு ஐம்பத்தொன்பது ரூபாய் கையை விட்டுப் போனது.

"அன்னைக்கு நாங்க பதினஞ்சு பென்ஸ் கூட்டிக் கேட்டமுங்க. நீங்க சொல்ற அதே பங்குதான். லாபத்துல கூட்டு, நட்டத்துல நீ யாரோ நான் யாரோன்னா அது என்னங்க நாயம்?"

"அப்ப எங்க ஆபீஸ் என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

சாரதாமணி கம்ப்யூட்டரைத் திருப்பிப் பழைய மெயிலைக் காட்டினார். இரண்டே வரி. விலை பேசியது பவுண்டில், ரூபாய்க்கு அது எவ்வளவு வருகிறது என்பது உங்கள் பாடு. கீழே பெயர்: செல்வக்குமார், உதவியாளர்.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்தேன் மேடம். அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன்."

பத்து வருஷமாக இந்த மனிதனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தவர் சாரதாமணி. எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அந்த நாலு வார்த்தையும் வரவில்லை.

"தெரியுதுங்க தம்பி. அந்த மெயில் வந்த வாரம் நாங்க ஒரு லைனை நிறுத்துனோம். நாளையிலிருந்து யாரு யாரு வர வேண்டாம்னு ஒரு பட்டியலைக் குடுத்து என்னை வாசிக்கச் சொன்னாங்க. அத்தனை பேரும் எங்கூடப் பிசிறு வெட்டுனவங்க. நானும் வாசிச்சனுங்க."

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தத் தடவை நம்ம ரெண்டு பேருமே, மேல சொன்னதைச் செய்யாம இருந்து பாக்கலாமுங்களா?"

செல்வக்குமார் தன் தாளில் இரண்டு எண்பது என்றிருந்ததை அடித்துவிட்டு மூன்று பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லண்டனுக்கு என்ன சொல்வது என்று காரில் போகும்போது யோசித்துக்கொள்வதாகச் சொன்னார்.