ஒரே மூச்சில் படித்த வாடகைப் பத்திரம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், வருகிற மெயில்களை நாங்கள் யாரும் படிப்பதே இல்லை என்று மேனேஜருக்குச் சந்தேகம். உண்மைதான். அதற்கு மருந்தாக அதிவேக வாசிப்புப் பயிற்சி என்று சொல்லி ஒரு சனி ஞாயிறைப் பிடுங்கிக்கொண்டார்.

மனத்துக்குள்கூட உச்சரிக்காதீர்கள், கண்ணைப் பக்கத்தின் நடுவே நேராகக் கீழே இறக்குங்கள் என்றார் பயிற்சியாளர். லிஃப்ட் மாதிரி இறக்கினேன். கடைசியில் தேனீக்களைப் பற்றி ஒரு கட்டுரை, பத்துக் கேள்விகள். எனக்கு ஒன்பது சரி. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் ஒன்பது. அவருக்குக் கட்டுரையே வந்து சேரவில்லை, கேள்வித்தாள் மட்டும்தான் வந்ததாம்.

"தேனீ பூவுலதான் தேன் எடுக்கும். இதுக்கு எதுக்கு குரு படிக்கணும்?" என்றார். அந்த ஊரில் நண்பனைக் கூப்பிடுவது அப்படித்தான்.

அப்போதாவது நான் விழித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த வாரம் தொம்மலூரில் வாடகைக்கு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் நீட்டிய பத்திரம் பத்துப் பக்கம். என் மனைவி உதட்டை அசைத்து, சொல் சொல்லாகப் படிப்பவள். "குடுங்க, ஒருவாட்டி பாக்கறேன்" என்று கை நீட்டினாள்.

"நான் படிச்சிட்டேன்."

"எப்போ?"

"இப்பதான்."

கையெழுத்துப் போட்டேன்.

குடிபோன முதல் ஞாயிறு கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வாசனை மாடிக்குப் போனது. வீட்டுக்காரர் கீழே வந்தார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் அக்ரிமென்ட் பாருங்க சார். ஏழாவது பாயின்ட். இங்க நான்வெஜ் பண்ணக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

மனைவி பத்திரத்தை எடுத்து வந்து, வாசலில் நின்றபடியே விரல் வைத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவர் கால் மாற்றி மாற்றி நின்று பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.

"காலி பண்ணச் சொல்றதுன்னா மூணு மாசம் முன்னாடியே எழுதிக் குடுக்கணும்னு போட்டிருக்கு சார். கீழ உங்க கையெழுத்து."

அவர் வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தை அவரும் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இத யாரு போட்டது?" என்று என்னையே கேட்டார்.

அன்றைய குழம்பை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். மறுநாளே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அந்த மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஜீவனஹள்ளியில், மாமியார் வீட்டில். அந்தத் தெருவிலேயே வேறு வீடும் அமைந்தது. புதுப் பத்திரத்தை அவளே படித்தாள். நாலாம் பக்கம் வருவதற்குள் வீட்டுக்காரம்மா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.